பாதி உண்மை எந்தப் பக்கம் போனது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரம் கருதி அரங்கில் விடுபட்ட சில பகுதிகள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



"இணையத்தில் பரவும் பொய்யைக் கணினியால் கண்டுபிடிக்க முடியுமா?" என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. முடியும், ஓரளவுக்கு முடியும் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால், அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று நம் தலைநகரத்தின் நடுவில், நாமெல்லாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் தெருவிலேயே எழுந்தது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஜாலான் மஸ்ஜித் இந்தியாவை அறியாத தமிழர் இந்நாட்டில் இருக்க மாட்டார். 1863ஆம் ஆண்டில் அங்கே எழுப்பப்பட்ட பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பேருரை தமிழில் நிகழ்வது வழக்கம். அதே வட்டாரத்தில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். சுற்றிலும் ஜவுளிக் கடை, நகைக் கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை. தொழுகை முடிந்து வருபவரும் அர்ச்சனைத் தட்டோடு போகிறவரும் ஒரே கடையில் நின்று தேநீர் குடிக்கும் தெரு அது.

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தத் தெருவின் பெயர் நாடு முழுக்கக் கைப்பேசிகளில் ஓடியது. ஆலயம் நிற்கும் நிலத்தில் ஒரு புதிய பள்ளிவாசல் எழப் போகிறது, அதற்குப் பிரதமர் அடிக்கல் நாட்டப் போகிறார் என்பது செய்தி. உடனே இரண்டு விதமான பதிவுகள் கிளம்பின.

முதல் வகைப் பதிவு இப்படி: ஆலயம் 130 ஆண்டுப் பழமையானது என்கிறார்கள், அத்தனை காலம் மக்கள் வழிபட்ட இடம், பக்தர்களின் கவலை தீரும் முன்பே விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இரண்டாம் வகை இப்படி: நிலம் ஆலயத்தின் பெயரில் இல்லை, 2014இல் மாநகர் மன்றம் அதை ஜாக்கெல் நிறுவனத்துக்கு விற்றது, நிறுவனம் சட்டப்படி வாங்கியது, இடம் மாற்றும் செலவைத் தானே ஏற்கவும் முன்வந்தது.

இப்போது ஒரு சோதனை செய்வோம். இந்த இரண்டு பதிவுகளையும் வரி வரியாகப் பிரித்து, உண்மை சரிபார்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். ஏறக்குறைய எல்லா வரிக்கும் 'சரி' என்றே குறி போட்டுத் திருப்பித் தருவார். 'பொய்' என்று சிவப்பு மையில் அடிக்க அவருக்கு அதிகம் கிடைக்காது. ஆனால் நாடு இரண்டு பட்டுத்தான் கிடந்தது. ஒரு பாதி உண்மை ஒரு கூட்டத்துக்குப் போனது, மறு பாதி மறு கூட்டத்துக்குப் போனது. ஆலயத்தைச் சுமார் 50 மீட்டர் தூரத்தில் வேறோர் இடத்துக்கு மாற்றுவது என்று உடன்பாடு வந்ததும், மார்ச் 27ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டதும் பிறகு நடந்தவை. அந்த முடிவு நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. யார் காதில் எந்தப் பாதி விழுந்தது என்பதை எப்படி அளப்பது? தரவு அறிவியல் இந்தக் காலத்தில் உண்மையில் முட்டி மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

கோடு போட்டுப் பார்ப்பது

அளக்கும் முறை கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். அடிப்படை எளிது. ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஒருவர் மற்றவரின் பதிவை எடுத்துப் பகிர்ந்தால் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஒரு கோடு. ஆயிரக்கணக்கில் கோடுகள் விழுந்த பிறகு, நெருங்கிய புள்ளிகளை அருகருகே இழுத்து வைக்கும்படி கணினியிடம் சொன்னால் ஒரு படம் கிடைக்கும். கல்யாண வீட்டில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தே குடும்பத்தில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று நம் பாட்டிமார் சொல்லிவிடுவார்கள் அல்லவா? அந்த வேலைதான் இது.

அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்திய ஆறு வாரத்தில் டுவிட்டரில் வந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை இப்படிக் கோடு போட்டுப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு படங்கள் இருந்தன. பிறர் பதிவை அப்படியே எடுத்துப் பகிர்வதை வைத்து வரைந்த படத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு தீவுகளாக நின்றார்கள். நடுவில் கடல். ஆனால் ஒருவர் பெயரை மற்றவர் குறிப்பிட்டுப் பேசுவதை வைத்து வரைந்தபோது தீவுகள் காணாமல் போய், எல்லாரும் கலந்து நின்றார்கள். அதாவது இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இல்லை. நன்றாகவே பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். ஒருவர் சொல்லை மற்றவர் தன் வீட்டுக்குச் சுமந்து போவது மட்டும் நடக்கவில்லை.

பிளவு என்பதற்கு இதிலிருந்து ஓர் எண் கிடைக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு கூட்டமும் சம அளவு என்று வைத்துக்கொள்வோம். யாரும் பக்கம் பார்க்காமல் பகிர்ந்தால் நூறு கோடுகளில் ஐம்பது இந்தக் கூட்டத்திலிருந்து அந்தக் கூட்டத்துக்குப் போகும். படத்தில் எண்ணிப் பார்த்தால் ஐந்துதான் போகிறது. எதிர்பார்த்த ஐம்பதுக்கும் கிடைத்த ஐந்துக்கும் உள்ள இடைவெளிதான் பிளவின் அளவு. மார்ச் மாதத்தில் இந்த எண் பிப்ரவரியைவிட ஏறியதா, உடன்பாடு வந்த பிறகு இறங்கியதா என்று நாள்வாரியாகப் பார்க்கலாம். வியாபாரி கல்லாவைப் பார்ப்பது போலத்தான்.

"அப்படியானால் இந்தக் கூட்டத்துக்கு அந்தக் கூட்டத்தின் பதிவைக் காட்டிவிட்டால் போதுமே" என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. 2017இல் அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். இரண்டு கட்சி ஆதரவாளர்களுக்கும் சிறு தொகை கொடுத்து, எதிர்க்கட்சிக் கருத்துகளைத் தினமும் அனுப்பும் தானியங்கிக் கணக்கு ஒன்றைப் பின்தொடரச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் பழைய நிலையில் இன்னும் இறுகிப் போயிருந்தார்கள். மற்றவர்களிடம் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. மறு பக்கத்தின் குரலை ஒருவர் வாயில் திணிப்பது மருந்தாகாது என்று தெரிந்தது. அந்தக் குரல் யார் மூலம் வருகிறது என்பதில் ஏதோ இருக்கிறது. மஸ்ஜித் இந்தியாவில் பக்கத்துக் கடை அண்ணன் சொன்னால் கேட்பவர், முகம் தெரியாத கணக்கு சொன்னால் கேட்கமாட்டார்.

ஒரே சொல், இரண்டு காது

ஒரு சிறு விலகல். அந்த ஆலய விவகாரத்தில் மலாய் மொழிப் பதிவுகளில் அடிக்கடி வந்த தொடர் 'குயில் ஹராம்'. மலாய் நண்பர் பலருக்கு அது 'அனுமதி பெறாத கோயில்' என்ற அளவில்தான் ஒலிக்கிறது; உரிமம் இல்லாத டாக்சியையும் அம்மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். தமிழர் காதில் அதே சொல் 'தீண்டத்தகாதது, அசுத்தமானது' என்று விழுகிறது. வேண்டுமென்றே அந்த இரண்டாம் பொருளில் குத்தியவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. கணினியிடம் 'இது வெறுப்புப் பேச்சா?' என்று கேட்டால் அது என்ன சொல்லும்? அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தது. ஆயிரம் பதிவுகளை மனிதர்கள் படித்து 'வெறுப்பு', 'வெறுப்பில்லை' என்று குறித்துக் கொடுத்த பிறகே கணினி கற்றுக்கொள்கிறது. குறித்தவர் எல்லாம் ஒரே இனத்தவராக இருந்தால், அந்த இனத்தின் காதுதான் கணினிக்கும் இருக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட வேலையில் பல இனத்தவரும் ஒரே பதிவைத் தனித்தனியே குறிக்க வேண்டும். அவர்கள் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஒத்துப்போகாத பட்டியல்தான் முழு ஆய்விலும் விலைமதிப்புள்ள தாள்.

பொய்யின் கால்கள்

பாதி உண்மையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் முழுப் பொய் கோபித்துக்கொள்ளும். அதற்கும் வருகிறேன்.

2015 ஜூலையில் புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் நடந்தது நினைவிருக்கும். கைப்பேசி திருடியதாக ஓர் இளைஞர் பிடிபட்டார். மறுநாள் அந்தக் கட்டடத்தின் முன் கூட்டம் கூடி அடிதடி நடந்தது. இடையில் ஓர் இரவுக்குள் கதை மாறியிருந்தது: போலிக் கைப்பேசியை விற்று ஏமாற்றிவிட்டார்கள் என்று. திருட்டு வழக்கு, இன வழக்கு ஆயிற்று. இது இனப் பிரச்சினை இல்லை, திருட்டு என்று காவல்துறை சொன்னது. கேட்கும் மனநிலையில் கூட்டம் இல்லை.

இந்த வேகத்தை அளந்தவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தினர். 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் ஓடிய, உண்மை-பொய் என்று சரிபார்ப்பு அமைப்புகள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்த, சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை எடுத்தார்கள். சுமார் 30 லட்சம் பேர் அவற்றைப் பகிர்ந்திருந்தார்கள். பொய் பகிரப்படும் வாய்ப்பு உண்மையைவிட 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. எல்லாம் தானியங்கிக் கணக்குகளின் வேலை என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை: அவை உண்மையையும் பொய்யையும் ஒரே அளவில்தான் பரப்பின. வித்தியாசத்தை உண்டாக்கியது மனிதர்கள். பொய்யில் புதுமை அதிகம், வியப்பும் அருவருப்பும் அதிகம். உண்மை பெரும்பாலும் சப்பென்று இருக்கும்.

இதற்கு மறுபுறமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நானும் பாதி உண்மைக்காரனாகிவிடுவேன். 2019இல் வந்த மற்றோர் ஆய்வு, 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்து டுவிட்டர் பயனர்களைப் பார்த்தது. பொய்ச் செய்தித் தளங்களிலிருந்து பகிரப்பட்டதில் 80 விழுக்காட்டைப் பகிர்ந்தவர்கள், மொத்தப் பேரில் ஆயிரத்துக்கு ஒருவர். ஆயிரம் பேருக்கு ஒருவர்! ஊர் கெட்டுப்போனது என்று எல்லாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பக் குழுவில் யார் அந்த ஒருவர் என்று பெரும்பாலும் எல்லாருக்கும் தெரியும். (அரங்கில் சிரிப்பு.) சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருக்கிறார் என்று தெரிகிறது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, 65 வயதைக் கடந்த முகநூல் பயனர்கள் மிக இளைய வயதினரைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு பொய்ச் செய்திகளைப் பகிர்ந்ததாகச் சொன்னது. மாமாவைத் திட்டாதீர்கள். ஒரு படம் ஒட்டுப்போட்டதா என்று பார்த்துப் பழகும் வாய்ப்பு அவருக்கு யாரும் தரவில்லை.

பூட்டிய அறை

இதுவரை சொன்ன பெரும்பாலான ஆய்வுகள் டுவிட்டரைப் பற்றியவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் எளிது: அது திறந்த மைதானம். ஆனால் நம் மக்கள் பேசுவது மைதானத்தில் இல்லை. புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில். அங்கே செய்தி பூட்டுப் போட்டு அனுப்பப்படுகிறது. நடத்தும் நிறுவனமே உள்ளே படிக்க முடியாது.

பூட்டிய அறையில் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு மே மாதம் ஒரு விலை கொடுக்கப்பட்டது. குழந்தை கடத்துகிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று புலனத்தில் செய்தி பரவிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து உறவினர்களோடு திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வம் கும்பிடப் போன ஒரு மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய கடத்தல் காணொளி ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் வரும் அறிவுரைப் பகுதியை வெட்டிவிட்டால் அதுவே கடத்தலாகிவிடுகிறது.

இங்கே தரவு அறிவியலுக்கு ஓர் உருப்படியான வேலை உண்டு. ஒரு படத்தைச் சுருக்கி, அதன் வெளிச்சமும் இருட்டும் எங்கெங்கே விழுகின்றன என்பதைச் சில எழுத்துகளில் அடக்கிவிடலாம். கைரேகை மாதிரி. படத்தைச் சற்று வெட்டினாலும், மேலே எழுத்து ஒட்டினாலும் ரேகை அதிகம் மாறாது. புதிதாக வரும் படத்தின் ரேகையைப் பழைய படங்களின் ரேகையோடு ஒப்பிட்டால், 'இது மூன்று வருடம் முன்பு வேறு நாட்டில் எடுத்த படம்' என்று நொடியில் தெரியும். கிரண் கரிமெல்லாவும் டீன் எக்கிள்ஸும் 2019 இந்தியப் பொதுத்தேர்தல் காலத்தில், யாரும் சேரக்கூடிய அரசியல் புலனக் குழுக்களில் வந்த படங்களை இப்படித் திரட்டி, அவற்றிலிருந்து எடுத்த ஒரு பகுதியை இதழாளர்களிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவு: படங்களில் 13 விழுக்காடு தவறான தகவல். பழைய படத்தைப் புதிய சம்பவத்தோடு ஒட்டியவை அவற்றில் ஒரு முக்கிய வகை. பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாத மோசடி அது.

அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான் முன்னனுப்புவதற்கு வரம்பு வந்தது. 2018இல் இந்தியாவில் ஒரு முறைக்கு ஐந்து பேர் என்றார்கள், 2019 ஜனவரியில் உலகம் முழுக்க அதையே வைத்தார்கள். பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியென்றால் ஒரு முறைக்கு ஓர் இடம்தான் என்று 2020 ஏப்ரலில் இறுக்கினார்கள். இது வதந்தியை நிறுத்தாது, தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்துக்கும் மதிப்பு உண்டு. கோபம் ஆறுவதற்கு ஓர் இரவு போதுமே.

தமிழுக்குக் கண் இல்லை

நம் மொழி இதில் எங்கே நிற்கிறது? தமிழில் கணினிக்குக் கற்பிக்கத் தரவு குறைவு. 2020இல் பாரதி ராஜா சக்கரவர்த்தியும் அவருடைய குழுவினரும் யூடியூப்பில் திரைப்படம் தொடர்பாக வந்த 15,744 தமிழ்-ஆங்கிலக் கலப்புக் கருத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் பாராட்டா வசவா என்று மனிதர்களைக் கொண்டு குறித்து வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு திராவிட மொழிகளில் வசைப்பேச்சைக் கண்டறியும் போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் அது தமிழ்நாட்டுத் தமிழ். நம் பிள்ளைகள் எழுதும் தமிழைப் பாருங்கள்: ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவில் மலாய், கடைசியில் ஒரு 'லா'. "போலே லா அண்ணே, சும்மா ஜாகா பண்ணாதீங்க" என்று கிள்ளான் இளைஞர் ஒருவர் எழுதியதைச் சென்னையில் படித்த கணினியிடம் காட்டினால் விழிக்கும். அதற்கு மலாய் தெரியாது. மலாய் தெரிந்த கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஆலயப் பிரச்சினையில் மலாய்ப் பதிவுகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று ஒரு கணினி சொல்லலாம், தமிழ் வீடுகளில் என்ன கொதித்தது என்று சொல்ல அது தடுமாறும். படத்தில் ஒரு கூட்டம் முழுமையாகவும் மற்றொன்று மங்கலாகவும் தெரியும். மங்கலாகத் தெரிபவரைப் பற்றித்தான் தவறான முடிவு எடுக்கப்படும்.

இந்த இடைவெளியை நிரப்ப நம் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ் மாணவர்களால் முடியும். இரண்டு மொழியும் அறிந்த இருபது பேர், ஓர் ஆண்டு, பொறுமை.

மற்றொரு சங்கடம், கதவுகள் மூடிக்கொண்டு வருவது. ஆய்வாளர்களுக்கு டுவிட்டர் இலவசமாகத் தந்த வழி 2023இல் அடைபட்டது. முகநூலில் எது பரவுகிறது என்று பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்ட் 14ஆம் தேதி மூடியது. ஒன்பதே நாள் கழித்து, ஆகஸ்ட் 23ஆம் தேதி, அதே மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு சுற்றுப்பயணி புதைந்துபோனார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. சில நாளில் அருகிலேயே இன்னொரு குழி. நகரமே தாழப் போகிறதா என்று ஊரே கேட்டது. யாருக்கும் விடை தெரியாத அப்படிப்பட்ட நேரத்தில்தான் வதந்தி முளைக்கும். விஷயம் முக்கியமானதாகவும் தகவல் தெளிவற்றதாகவும் இருந்தால் வதந்தி பெருகும் என்று ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1947லேயே எழுதினார்கள். அந்த வாரத்தில் கடைத்தெருவைக் காலியாக்கியது குழியா, கைப்பேசியா என்று பார்க்க வசதியாக இருந்திருக்கும் ஒரு சன்னல் அப்போதுதான் சாத்தப்பட்டிருந்தது.

சட்டத்தைப் பற்றி ஒரே வார்த்தை. 2018இல் கொண்டுவந்த பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம் என்றது. 2019 இறுதியில் அதை நீக்க நாடாளுமன்றம் ஒப்பியது. 2025 ஜனவரி முதல் 80 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள சமூக ஊடகங்களுக்கு உரிமம் கட்டாயம் ஆனது. உரிமம் கேட்கும்போதே, பெயர், எண் நீக்கிய தரவை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிடு என்றும் கேட்டிருக்கலாம் என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதற்குள் அரங்கிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடையில் வேலை செய்யும் ஓர் அன்பர் எழுதியிருக்கிறார்: "எங்கள் கடைக் குழுவில் இந்துவும் இருக்கிறோம், முஸ்லிமும் இருக்கிறோம். அந்த மார்ச் மாதம் முழுக்க யாருமே ஒன்றும் எழுதவில்லை. வேறு குழுக்களில் எல்லாரும் எழுதினார்கள். இது நல்லதா கெட்டதா?"

ஐயா, உங்கள் கேள்விக்கு என் கோடுகள் விடை சொல்லாது. எழுதப்பட்டதைத்தான் கணினி எண்ணும். எழுதாமல் விட்டதை எண்ண அதற்குத் தெரியாது. நிகழ்ச்சி முடிந்ததும் போய்விடாதீர்கள், உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.